குறடு ஷோகேஸில், நோட்டு பழைய பேப்பர் கடையில்: வீட்டுக் காகிதங்களை நாம் ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறோம்?

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு குறடு இருக்கிறது. பல் பிடுங்குகிற குறடு. பக்கத்தில் தலையாட்டிப் பொம்மை, அண்ணன் வாங்கிய கபடிக் கோப்பை, நடுவில் இது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், "இது என்னங்க?" என்று. என் பூட்டனாருடையது என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

பூட்டனார் கம்பவுண்டர். திருமங்கலம் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்தில் வேலை பார்த்தவர். டாக்டர் வாரத்தில் ரெண்டு நாள்தான் எட்டிப் பார்ப்பாராம். மிச்ச நாளெல்லாம் மிக்ஸர் கலக்குவது, கட்டுப் போடுவது, பல் பிடுங்குவது எல்லாம் இவர்தான். இது அப்பத்தா சொல்லித் தெரியும். அந்தக் குறடோடு சேர்த்து ஒரு டிரங்குப் பெட்டியில் ரெண்டு நீள நோட்டும், கம்பியில் குத்தின ஒரு கத்தை போஸ்ட் கார்டும் இருந்தன. நோட்டில் யார், எந்த ஊர், என்ன நோவு, என்ன கொடுத்தது என்று எழுதியிருக்குமாம். காசு இல்லாதவர்கள் கொடுத்த கம்பும் தட்டைப்பயறும்கூடக் கணக்கில் ஏறியிருக்குமாம்.

"இருக்குமாம்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016-ல் பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டாச்சு. கொண்டுபோய்ப் போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். அப்போது பிளஸ் ஒன். சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப் போனேன். கிடைத்த காசுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தேன். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

இரும்பு என்பதால் குறட்டை வைத்துக்கொண்டோம். காகிதம் என்பதால் நோட்டை எடைக்குப் போட்டோம். காலேஜில் ஊடகவியல் படித்தபோது ஆவணக் காப்பகம் பற்றி ஒரு பாடம் இருந்தது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. குறடு எதையும் சொல்லாது. யாருடைய பல்லை, எந்த ஊரில், எந்த வருஷம் பிடுங்கியது என்று சொன்னது அந்த நோட்டுதான்.

இது என் வீட்டு ஒப்பாரி மட்டும் இல்லை. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நடந்த, நடக்கிற விஷயம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பல் டாக்டர், ஒரு கன்னியாஸ்திரி, எரிந்துபோன கடிதங்கள்

முதலில் கொஞ்சம் தூரமாகப் போய்விட்டு வருவோம். அமெரிக்காவின் தென் மாநிலமான ஜார்ஜியாவில் 1851-ல் பிறந்தவர் ஜான் ஹென்றி ஹாலிடே. 1872-ல் ஃபிலடெல்ஃபியாவில் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார். அதற்காக அவர் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பே 'பல் நோய்கள்'. நல்ல குடும்பம், நல்ல படிப்பு. ஆனால் காசநோய் பிடித்துவிட்டது. வறண்ட காற்று நல்லது என்று மேற்கே டல்லஸ் பக்கம் போனார். இருமுகிற டாக்டரிடம் யார் பல்லைக் காட்டுவார்கள்? சீட்டாட்டம் தொழிலானது, துப்பாக்கி துணையானது. 1881 அக்டோபர் 26-ல் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த ஓ.கே. கோரல் துப்பாக்கிச் சண்டையில் இவரும் ஒருவர். 1887-ல் 36 வயதில் இறந்தார். 1993-ல் வந்த 'டூம்ஸ்டோன்' படத்தில் வால் கில்மர் நடித்த 'டாக் ஹாலிடே' இவர்தான்.

இவருக்கு மேட்டி என்று ஒரு உறவுக்காரப் பெண். சின்ன வயதிலிருந்தே பிரியம். அந்தப் பெண் பின்னாளில் கன்னியாஸ்திரி ஆகி மெலனி என்ற பெயர் பூண்டார். ரெண்டு பேருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்தது என்றும், அந்தக் கடிதங்கள் எரிக்கப்பட்டுவிட்டன என்றும் அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

விளைவு என்ன? அந்த மனுஷனைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகைக்காரர்கள் எழுதினது, கூட இருந்தவர்கள் அடித்துவிட்டது, சினிமாக்காரர்கள் சேர்த்தது. எத்தனை பேரைக் கொன்றார் என்பதில்கூட ஆளுக்கொரு எண்ணிக்கை. நோயில் கிடந்த ஒரு பல் டாக்டர் தன் வீட்டாருக்கு என்ன எழுதினார் என்பது மட்டும் இல்லை. வீட்டுக் காகிதம் போனால் அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதே காலத்தில் மதுரையில் பல் வலித்தால் என்ன செய்தார்கள்?

1880-களில் மதுரையில் 'டென்டல் கிளினிக்' போர்டு தேடினால் கிடைக்காது. இந்தியாவில் பல் மருத்துவத்துக்கென்று முதல் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் தொடங்கியதே 1920-ல்தான். பல் மருத்துவர்களுக்கான சட்டம் வந்தது 1948-ல். அதற்கு முன்னால் ஆலங்குச்சி, வேப்பங்குச்சி, கிராம்பு. அதுக்கும் அடங்கலைன்னா சந்தைப் பேட்டையில் பல் பிடுங்குகிறவர், ஊர் வைத்தியர், அல்லது முடிதிருத்துகிற வேலையோடு வைத்தியமும் பார்த்த மருத்துவர் சமூகத்துக்காரர். அந்த வீட்டுப் பெண்கள்தான் பல ஊர்களில் பிரசவமும் பார்த்தார்கள். எத்தனை தலைமுறையைக் கையில் ஏந்தியிருப்பார்கள்! அவர்கள் வீட்டு ஏடுகளையும் குறிப்புகளையும் தேடி எந்த நூலகமும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு வழி, மிஷன் மருந்தகம். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் தளம் போட்டார்கள். பசுமலையில் 1881-ல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. அவர்களோடு மருத்துவமும் வந்தது. திண்டுக்கல்லில் எட்வர்ட் செஸ்டர் பல பத்தாண்டுகள் மருந்தகம் நடத்தினார், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். 1885-ல் டாக்டர் பாலின் ரூட், 1888-ல் டாக்டர் ஃபிராங்க் வான் ஆலன், 1895-ல் டாக்டர் ஹேரியட் பார்க்கர் மதுரைக்கு வந்தார்கள். கொடைக்கானல் போனவர்கள் வான் ஆலன் ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்திருப்பீர்கள், அது இவர் பெயர்தான். மதுரை கீழவெளி வீதியில் இருக்கிற கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரிக்கும் வேர் இங்கேதான்.

இவர்கள் சார்ந்த மிஷன் சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் எங்கே இருக்கின்றன தெரியுமா? அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில். 19-ம் நூற்றாண்டு மதுரையின் காலராவைப் பற்றி, பஞ்சத்தைப் பற்றி அவர்கள் தலைமையகத்துக்கு எழுதினதை மூலத்தில் படிக்க வேண்டும் என்றால், மதுரைக்காரர் பாஸ்டன் பக்கம் போகணும். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் வைத்திருந்தார்கள். நாம் வைத்திருக்கவில்லை.

பாதிப் பேச்சு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் விஷயமே இதுதான்.

மதுரை மிஷனுக்குத் தாய்வீடு யாழ்ப்பாணம் என்று சொன்னேன் இல்லையா? அங்கே மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1822-ல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்தில் பிறந்தவர், 1847-ல் யாழ்ப்பாணம் வந்தவர். நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பி, 1873 வரை அங்கே வேலை பார்த்தார். மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க முடியும் என்று நம்பிச் செய்து காட்டியவர். 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று அவர் முயற்சியில் வந்த தமிழ் மருத்துவ, அறிவியல் நூல்கள் ஒரு வரிசை. அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் மருத்துவர்களை உருவாக்கினார். தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா என்று இன்றைக்கும் டிவியில் உட்கார்ந்து விவாதிக்கிறோம். அவர் கிட்டத்தட்ட 160 வருஷம் முன்னாலேயே பரீட்சை வைத்து முடித்துவிட்டார்.

கிறீன் 1884-ல் இறந்தார். அவருடைய வாழ்க்கையையும் கடிதங்களையும் சேர்த்து 1891-ல் ஒரு புத்தகம் வந்தது. அதன் முகப்பிலேயே, குடும்ப நண்பர்களுக்காக அச்சிடப்பட்டது என்று போட்டிருக்கும். கடைக்கு விற்க வந்த புத்தகம் இல்லை, உறவுக்காரர்கள் மறந்துவிடக் கூடாது என்று போட்டது. அந்தக் குடும்பத்தின் காகிதங்கள் அதே வூஸ்டரில் உள்ள அமெரிக்கப் பழம்பொருள் சங்கத்தின் நூலகத்தில் இருக்கின்றன. கிறீனுடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானதில் பெரிய பங்கு உள்ளவர். பெரிய குடும்பம், காகிதத்தின் அருமை தெரிந்த குடும்பம்.

சரி, அந்த அறுபது சொச்சம் தமிழ் மருத்துவர்கள்? அவர்களும் கடிதம் எழுதியிருப்பார்கள். பொண்டாட்டிக்கு, அண்ணனுக்கு, ஊர்ப் பெரியவருக்கு. முதல் தடவை ஒரு உடம்பை அறுத்துப் பார்த்தபோது கை நடுங்கியதா? வீட்டில் தீட்டு என்று குளிக்கச் சொன்னார்களா? வெள்ளைக்கார வாத்தியாரைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைத்தார்கள்? சம்பளம் போதுமா? கிறீன் தன் மாணவர்களைப் பற்றி வீட்டுக்கு எழுதினது அச்சில் இருக்கிறது. மாணவர்கள் கிறீனைப் பற்றித் தங்கள் வீட்டுக்கு எழுதியது எங்கே? பெயரைப் பாருங்கள், அது இன்னும் கொடுமை. அந்தக் கால யாழ்ப்பாண மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு, படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரையே வைத்தார்கள். அதனால் அறிக்கைகளில் அவர்கள் சொந்தப் பெயரில்கூட இருப்பதில்லை.

டெலிபோனில் ஒருத்தர் பேசுவது மட்டும் கேட்கிற மாதிரிதான் நம்முடைய 19-ம் நூற்றாண்டு நமக்குக் கேட்கிறது. இந்தப் பக்கம் பேசின குரல் பெட்டியில் கிடந்து, கரையான் தின்று, மிச்சம் கிலோ கணக்கில் போனது. கீழடியில் ஒரு பானை ஓட்டில் பெயர் கீறியிருந்தால் ஊரே கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நூறு வருஷம் முன்னால் நம் வீட்டு ஆள் மை தொட்டு எழுதின முழுப் பக்கம் பரண்மேல் கிடந்தால், தை பிறப்பதற்கு முதல் நாள் போகி நெருப்பில் போடுகிறோம்.

நாம் எதையுமே வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களா?

இல்லை. இதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய் மொய் நோட்டைக் கேட்டுப் பாருங்கள். எடுத்துத் தருவார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் இருக்கும். மஞ்சள் பையில் போட்டு, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் இருக்கும். முப்பது வருஷத்துக்கு முந்தின காதுகுத்துக்கு யார் எத்தனை ரூபாய் செய்தார்கள், எந்த ஊர், யார் மகன், எந்த வழி உறவு, எல்லாம் எழுத்தில். வெள்ளத்தில் வீடு போனாலும் முதலில் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஏனென்றால் அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன், திரும்பி வர வேண்டிய வரவு.

அப்போ நமக்குப் பாதுகாக்கத் தெரியும். ஒரு காகிதத்துக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் பாதுகாப்போம். கிரயப் பத்திரம், பட்டா, ஜாதகம், மொய் நோட்டு எல்லாமே அப்படித்தான். வேலை முடிந்த காகிதம் குப்பை. பூட்டனாரின் நோட்டுக்கு 2016-ல் எந்த வேலையும் இல்லை, போய்விட்டது.

மொய் நோட்டையே கொஞ்சம் வேறு கண்ணால் பாருங்களேன். 1970-ல் ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு கிடைத்தால், அந்தக் குடும்பம் எந்தெந்த ஊரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது, யார் வசதியானவர், யார் தானியமாகச் செய்தார்கள், எந்தெந்தச் சமூகத்தார் பந்தலுக்கு வந்தார்கள் என்று ஒரு வரைபடமே போடலாம். சர்வே எடுக்கிறவர்கள் கேட்டால் நாம் சொல்லாததெல்லாம் அதில் நாமே கைப்பட எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வழக்கமே சில காகிதங்களைப் பொறுக்கி அழித்திருக்கிறது. நல்ல காரியக் கடிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வரும், சாமி படத்துக்குக் கீழே வைப்போம். சாவுச் செய்தி வந்த கார்டை வாசலிலேயே நின்று படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். அப்பத்தாவிடம் கேட்டேன், "ஒரு கருமாதிக் கடிதம்கூட நீங்க வச்சுக்கலையா?" என்று. "அதையெல்லாம் எவனாச்சும் வீட்டுக்குள்ள கொண்டாருவானா?" என்று என்னைத் திட்டினார். ஆக, நம் வீட்டுக் கம்பிகளில் தொங்கிய கடிதக் கத்தைகளில் பிறப்பும் கல்யாணமும் இருக்கும், சாவு இருக்காது. ரங்கூனில், மலேயாவில், இலங்கைத் தோட்டத்தில் இறந்தவர்கள் கதை எல்லாம் அந்த வாசல்படியிலேயே கிழிந்துவிட்டது.

காப்பாற்றியவர்கள் என்ன செய்தார்கள்?

தப்பியவையும் உண்டு. புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, வீட்டுக் காகிதமாகத்தான் கிடந்தது. அவர் செத்து எண்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, 1846-ல் கலுவா-மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் குடும்பத்திடமிருந்து அதைக் கண்டெடுத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் வெள்ளையடிப்பு நடந்திருந்தால் 18-ம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிய கதை எல்லாருக்கும் தெரியும். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் நொந்துபோனதும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது, அவர் தனக்கு வந்த கடிதங்களையும் பத்திரமாக வைத்திருந்தார் என்பது. அவற்றிலிருந்து 1877 முதல் 1900 வரையிலானவற்றை ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்து 2018-ல் 'உ.வே.சாமிநாதையர் கடிதக் கருவூலம்' என்று முதல் தொகுதி வந்தது. கவனியுங்கள், அவர் எழுதின கடிதங்கள் இல்லை, அவருக்கு மற்றவர்கள் எழுதினவை. பாதிப் பேச்சு என்று சொன்னேனே, அதற்கு நேர் எதிரான வேலை இது.

மதுரையிலிருந்து ரெண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பெரிய பட்டம் கிடையாது, சர்க்கார் பணம் கிடையாது. புத்தகம் மட்டுமில்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் கிழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. நல்லவேளையாகக் கப்பல் ஏற்றாமல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். இன்றைக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இல்லாமல் 19, 20-ம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பற்றி உருப்படியாக ஒரு ஆராய்ச்சி செய்ய முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகம் 2004-லிருந்து நடத்துகிற 'அழியும் ஆவணங்கள்' திட்டத்தின் கீழ், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டில் தனியார் வீடுகளில் கிடந்த ஓலைகளையும் காகிதங்களையும் படமெடுத்திருக்கிறது. மூலத்தை நாட்டை விட்டுக் கொண்டுபோக மாட்டார்கள். படம் மட்டும் இணையத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்கு இந்த முறைதான் சரி என்று படுகிறது. "உங்க பெட்டியைக் கொடுங்க" என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள். "இங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கிறேன், காபி கொடுங்க" என்றால் தருவார்கள்.

"எங்க வீட்டு விஷயம் ஊருக்கு எதுக்கு?"

நியாயமான கேள்விதான். பழைய காகிதத்தில் பெருமை மட்டும் இருக்காது. புரோநோட்டு இருக்கும், ரெண்டாம் தாரம் இருக்கும், யாரை எந்த வாசலில் நிறுத்தி வைத்தோம் என்பது இருக்கும். பங்காளிச் சண்டை ஓடுகிற வீட்டில் பழைய பத்திரத்தை வெளியே காட்டினால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

ஹாலிடேவின் கடிதங்களை எரித்தது தப்பா என்று கேட்டால் எனக்கே பதில் தடுமாறும். ஒரு கன்னியாஸ்திரிக்குத் தன் மனசைப் பூட்டி வைக்க உரிமை இல்லையா? உண்டு. ஒருவர் தன் கடிதத்தைத் தானே எரித்தால் அதில் தலையிட எனக்கு வேலை இல்லை. ஆனால் நம் வீடுகளில் நடப்பது அது இல்லையே. யோசித்து, முடிவெடுத்து யாரும் எரிப்பதில்லை. வெள்ளையடிக்க இடைஞ்சல், பூச்சி வருது, இடம் அடைக்குது, அவ்வளவுதான். எழுதினவர் முடிவெடுக்கவில்லை. பெயிண்டர் முடிவெடுக்கிறார், இல்லையென்றால் என்னை மாதிரி ஒரு பிளஸ் ஒன் பிள்ளை முடிவெடுக்கிறது.

படமெடுத்துவிட்டு ஐம்பது வருஷத்துக்கு யாருக்கும் காட்டாதே என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். உலகத்தில் பல காப்பகங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. நிலப் பத்திரத்தை விட்டுவிட்டு நோட்டையும் கடிதத்தையும் மட்டும் கொடுக்கலாம். இதற்கெல்லாம் வழி இருக்கிறது. பேசுவதற்கு ஒரு இடம்தான் இல்லை.

அந்த இடத்தை மதுரையில் கேட்பது பேராசை இல்லை என்று நினைக்கிறேன். 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் சாலையில் அத்தனை பெரிதாக நிற்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளால் நிரம்பி வழிகிறது, சந்தோஷம். அதில் ஒரு மூலையில் ஒரு ஸ்கேனர், பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "உங்க வீட்டுப் பழைய காகிதத்தைக் கொண்டு வாங்க, படமெடுத்துத் திருப்பித் தர்றோம்" என்று ஒரு அறிவிப்பு. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவிய ஊர் இது. கல்லூரிகள் நிறைய, வரலாறு படிக்கிற மாணவர்கள் நிறைய. புராஜெக்டுக்கு ஒரே தலைப்பைத் திருப்பித் திருப்பி எழுதுவதற்குப் பதில், ஆளுக்கொரு வீட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஜமீன் பெட்டியை முதலில் தேடாதீர்கள், அதைத் தேட ஆள் இருக்கிறது. கம்பவுண்டர் வீடு, மருத்துவச்சி வீடு, தபால்காரர் வீடு, ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர் வீடு. அங்கிருந்து தொடங்குங்கள்.

அதுவரைக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய செலவெல்லாம் இல்லை. மடங்கின காகிதத்தை வலுக்கட்டாயமாகப் பிரிக்காதீர்கள், மடிப்பிலேயே உடையும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அது பாதுகாப்பு மாதிரி தெரியும், ஆனால் சூட்டில் காகிதம் பாழாகும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. வெயிலில் காய வைக்காமல் நிழலில், காற்றாட வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும்தான் சொர்க்கம்.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நேர் மேலிருந்து செல்போனில் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், போஸ்ட் கார்டின் முகவரிப் பக்கத்தையும் எடுங்கள். முத்திரையில்தான் ஊரும் தேதியும் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அதனால் மூலப் படத்தைத் தனியாக வையுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், வீட்டில் வயதானவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது யாரு? இந்த எழுத்து யாரோடது?" என்று கேட்டு ரெக்கார்ட் போடுங்கள். காகிதத்துக்கு இன்னும் ஐம்பது வருஷம் ஆயுசு இருக்கலாம். அதைப் படித்துச் சொல்கிறவருக்கு இருக்காது.

எங்கள் வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். போன வாரம் அப்பத்தா போகிற போக்கில் ஒன்று சொன்னார். பூட்டனாரின் தங்கச்சி வழியில் உசிலம்பட்டியில் ஒரு வீடு இருக்கிறதாம். அண்ணன் எழுதின கடிதங்களை அந்தம்மா ஒரு ஓலைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாராம். பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது என்று அங்கே இருக்கிற அத்தை போனில் உறுதி செய்தார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: எதை வேண்டுமானாலும் படம் எடுத்துக்கோ, மொய் நோட்டை மட்டும் தொடாதே.